சங்கம் கட்டிய டைரக்டர்

(சிட்லபாக்கம் படிப்பகத்தில் ஞாயிறு மாலை நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஒரு சினிமா டைரக்டரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று படிப்பகத்து வாசலில் தட்டி எழுதி வைத்தோம். அதைப் பார்த்த ஒரு தோழர், ஆலையில் இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்தவர், என்னை நிறுத்திக் கேட்டார். "யார் அண்ணே இந்த நிமாய் கோஷ்? எத்தனை படம் எடுத்தார்?" என்றார். டைரக்டராக மூன்று கதைப் படம் எடுத்தார் என்றேன். "எத்தனை நூறு நாள் ஓடிச்சு?" என்றார். நம் ஊரில் ஒன்றும் ஓடவில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ஓடாத படம் எடுத்தவருக்கு ஒரு கூட்டமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. இன்றையப் பேச்சு முழுவதும் அதற்குப் பதில்தான். அந்தத் தோழரும் வந்திருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருக்கிறார்.

நான் சினிமா விமர்சகன் இல்லை. பத்தாவது வரை படித்தவன். காமிராவைத் தொட்டுப் பார்த்ததும் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சினிமாத் தொழிலாளி இருந்தார். என் சித்தப்பா. லைட்மேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு டைரக்டரிடம் வருகிறேன். ஏனென்றால் அவர் மூலமாகத்தான் நான் இந்த டைரக்டரிடம் வந்து சேர்ந்தேன்.

சித்தப்பாவின் அட்டை

என் அப்பாவுக்குத் தோல் பதனிடும் வேலை. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியினால் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் அந்த நாளில் பிழைப்பு என்றால் தோல் வேலை, இல்லாவிட்டால் ரயில்வே, அதுவும் இல்லாவிட்டால் ஏரிப் பாசனத்து வயலில் கூலி. சித்தப்பா மட்டும் மூன்றுக்கும் போகாமல் சானடோரியம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறிக் கோடம்பாக்கம் போனார். தெருவில் அவருக்குப் பெரிய மதிப்பு. எல்லா நடிகர்களையும் நேரில் பார்க்கிறவர் ஆயிற்றே!

வீட்டில் இருந்த எங்களுக்குத்தான் தெரியும் அவர் கையெல்லாம் கொப்புளம் என்று. ஸ்டூடியோக் கொட்டகையின் கூரைக்குக் கீழே மரப் பரண் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தப் பரண் மேல் ஏறி, ஆள் தூக்க முடியாத விளக்கைக் கயிறு போட்டு இழுத்து நிறுத்த வேண்டும். கீழே கதாநாயகிக்கு மின்விசிறி சுழலும். மேலே விளக்கின் அனல் முகத்தில் அடிக்கும். "கொஞ்சம் இடது பக்கம்" என்று கீழேயிருந்து குரல் வந்தால், சுட்டாலும் திருப்ப வேண்டும்.

ஒரு நாள் அந்தப் பரணிலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. படம் எடுத்த கம்பெனி ஆள் ஒருவர் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து, ஆட்டோக் காசு கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் அப்போது சின்னப் பையன். சித்தி தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மூன்றாம் நாள் நாலு பேர் வந்தார்கள். சங்கத்து ஆட்கள். தலையணைக்குக் கீழே கொஞ்சம் பணம் வைத்தார்கள். பிறகு கம்பெனியோடு பேசி இன்னும் கொஞ்சம் வாங்கிக் கொடுத்தார்கள். பெரிய தொகை இல்லை. ஆனாலும் அதில்தான் எங்கள் தங்கச்சி அந்த வருஷம் பள்ளிக்கூடம் நிற்காமல் போனாள்.

சித்தப்பா கடைசி வரை ஒரு அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தார். சங்கத்து உறுப்பினர் அட்டை. நடிகர்களோடு எடுத்த போட்டோவெல்லாம் கரையான் தின்றுவிட்டது. அட்டை மட்டும் தகரப் பெட்டியில் இருந்தது. அந்த அட்டை எங்கிருந்து வந்தது, யார் பாடுபட்டதால் வந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் முழுநேர ஊழியனாகி, சங்கங்களின் பழைய வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பெயரைக் கண்டேன். நிமாய் கோஷ். வங்காளி. எங்கோ கல்கத்தாவில் பிறந்தவர்.

(இதே பெயரில் இன்னொரு நிமாய் கோஷ் உண்டு. சத்யஜித் ராயைப் படம் பிடித்த புகைப்படக்காரர், 2020ல் இறந்தவர். அவர் வேறு, இவர் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

வேரறுந்தவர்கள்

நம் நிமாய் கோஷ் 1914ல் பிறந்தவர். 1930களில் காமிரா உதவியாளராகச் சினிமாவுக்குள் நுழைந்தவர். காமிராக்காரர் என்றால் என்ன? டைரக்டருக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்கிறவர். அவர் கண் கதாநாயகியின் முகத்தில் இருக்கும். ஆனால் அவர் வாய் நாள் முழுவதும் லைட்மேனோடுதான் பேசிக்கொண்டிருக்கும். யார் முதுகில் இந்த ஒளி வருகிறது என்று சினிமாவில் நன்றாகத் தெரிந்த மனிதர் காமிராக்காரர்தான்.

அப்போது வங்காளம் எப்படி இருந்தது? 1943ல் பஞ்சம். சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது பரவலான மதிப்பீடு. அரிசி இருந்தது, வாங்கக் காசில்லை. பதுக்கினவன் கொழுத்தான், உழுதவன் கல்கத்தா நடைபாதையில் கஞ்சித் தண்ணிக்குக் கையேந்திச் செத்தான். அதே 1943ல்தான் இந்திய மக்கள் நாடக மன்றம் தோன்றியது. பிஜன் பட்டாச்சார்யா என்பவர் அந்தப் பஞ்சத்தை வைத்தே 'நவான்னம்' என்ற நாடகம் எழுதினார். கந்தல் உடுத்திய குடியானவன் முதன்முதலாக மேடையின் நடுவுக்கு வந்தான். நிமாய் கோஷ் அந்த இயக்கத்தோடு நெருங்கியவர்.

1947ல் சுதந்திரம் வந்தது. கூடவே பிரிவினையும் வந்தது. கோடு போட்டவர்கள் காகிதத்தில் போட்டார்கள். அது உழுகிறவன் வயலுக்கு நடுவில் போயிற்று. கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கான ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கல்கத்தாவுக்கு வந்தார்கள். சியால்டா ரயில் நிலையமே அவர்களுக்கு வீடு. பிளாட்பாரத்தில் அடுப்பு, பிளாட்பாரத்தில் தொட்டில், பிளாட்பாரத்தில் பிணம்.

நிமாய் கோஷ் தன் முதல் படத்துக்கு இதையே எடுத்துக்கொண்டார். படத்தின் பெயர் 'சின்னமூல்'. தமிழில் சொன்னால் 'வேரறுந்தவர்கள்'. 1950ல் வந்தது. ஒரு கிராமத்துக் குடியானவர்கள் ஊரை விட்டுக் கிளம்பிக் கல்கத்தாவில் வந்து விழுகிற கதை. பெயர் போன நட்சத்திரம் யாரும் கிடையாது. நடித்தவர்கள் நாடக மன்றத்துத் தோழர்கள். நான் சொன்ன பிஜன் பட்டாச்சார்யா நடித்தார். பின்னாளில் உலகம் புகழும் டைரக்டரான ரித்விக் கட்டக் அப்போது இளைஞர், அவரும் நடித்தார். அவர்களோடு நிஜ அகதிகளும் படத்தில் இருந்தார்கள். சியால்டா நிலையத்திலேயே போய்ப் படம் பிடித்தார்கள்.

அந்தப் படத்தில் ஒரு காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். ஊரே கிளம்புகிறது. ஒரு கிழவி மட்டும் வர மாட்டேன் என்று வீட்டுத் தூணைக் கட்டிக்கொள்கிறாள். இழுத்தாலும் விடவில்லை.

தோழர்களே, 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். முடிச்சூரிலும் தாம்பரத்திலும் நம் சிட்லபாக்கத்திலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. நம் தெருவில் ஒரு பாட்டி, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கதவுச் சட்டத்தை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தாள். "உயிர்தான் முக்கியம், வா பாட்டி" என்று நான்தான் கையைப் பிரித்தேன். அவள் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஏழையின் வீடு ஓலையானாலும் ஓடானாலும் அது அவள் உடம்பின் ஒரு பாகம். அதைத் தெரிந்துகொள்ள வங்காளியாகப் பிறக்க வேண்டியதில்லை. அதைக் காமிராவில் பிடிக்க வேண்டும் என்று தோன்ற, ஏழையின் பக்கத்தில் நின்று பார்த்த கண் வேண்டும்.

படம் பணம் சேர்க்கவில்லை. ஆனால் 1950-51 வாக்கில் சோவியத் டைரக்டர் புதோவ்கின் இந்தியா வந்தார். கார்க்கியின் 'தாய்' நாவலை நம்மில் பலர் படித்திருக்கிறோம். படிக்காதவர்கள் படிக்கக் கேட்டிருக்கிறோம். அந்தத் 'தாயை' 1926ல் படமாக எடுத்தவர் இந்தப் புதோவ்கின்தான். அவர் கல்கத்தாவில் 'சின்னமூலைப்' பார்த்தார். மனம் உருகினார். அவர் முயற்சியால் படம் சோவியத் நாட்டில் திரையிடப்பட்டது. சத்யஜித் ராயின் 'பாதேர் பாஞ்சாலி' 1955ல் வந்து உலகப் புகழ் பெறுவதற்கு ஐந்து வருஷம் முன்னால் நடந்த காரியம் இது.

புகழ் வந்தது. சோறு வரவில்லை. 1950களின் தொடக்கத்தில் நிமாய் கோஷ் சென்னைக்கு வந்து சேர்ந்தார். வேரறுந்தவர்களைப் படம் எடுத்தவர் தாமே வேரைப் பிடுங்கிக்கொண்டு பாஷை தெரியாத ஊருக்குப் பிழைக்க வந்தார். காமிராத் தொழில் கையில் இருந்தது. மற்றபடி நம் ஊருக்கு வந்து சேரும் எந்தக் கூலிக்காரனுக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லை.

பாதை தெரிந்தது, கூட்டம் வரவில்லை

அந்த நாள் கோடம்பாக்கம், வடபழனி எப்படி இருந்தது? பெரிய பெரிய ஸ்டூடியோக்கள். முதலாளியின் பெயர் வாசலில். உள்ளே ஆசாரி, பெயிண்டர், தையல்காரர், லைட்மேன், சமையல்காரர், டிரைவர், கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர் என்று ஆயிரக்கணக்கான பேர். படம் ஓடினால் முதலாளிக்கு லாபம். ஓடாவிட்டால் முதல் நஷ்டம் தொழிலாளிக்கு. "படம் விற்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிக் கூலியை நிறுத்துவது சர்வ சாதாரணம். அறுவடை ஆகட்டும் என்று நெல் அளக்காமல் இழுத்தடிக்கும் மிராசுதாருக்கும் இவனுக்கும் என்ன வேறுபாடு?

இங்கே நிமாய் கோஷுக்கு ஒரு துணை கிடைத்தது. எம்.பி. சீனிவாசன். 1925ல் பிறந்தவர், சங்கீதம் கற்றவர், இடதுசாரி இயக்கத்தில் ஊறியவர். இவர்களும் இன்னும் பல நண்பர்களும் சேர்ந்து, குமாரி பிலிம்ஸ் என்ற பெயரில் ஒரு படம் எடுத்தார்கள். ஒரே ஒரு முதலாளியின் பணத்தில் எடுத்த படம் இல்லை இது. நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எடுத்தது. பெயர் 'பாதை தெரியுது பார்'. 1960 நவம்பரில் வெளிவந்தது.

தொழிலாளர் வாழ்வையும் சங்கத்தையும் கதையின் நடுவில் வைத்த படம். கதை வசனம் ஆர்.கே. கண்ணன். இசை எம்.பி. சீனிவாசன். கதாநாயகனாக நடித்தவர் கே. விஜயன். பின்னாளில் 'திரிசூலம்' எடுத்த அதே டைரக்டர் விஜயன்தான். பாட்டு எழுதியவர்களைப் பாருங்கள். ஜெயகாந்தன் எழுதினார். கே.சி.எஸ். அருணாசலம் எழுதினார். நம் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதினார். பட்டுக்கோட்டையைப் பற்றி விவசாயத் தொழிலாளிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சை மண்ணில் பிறந்து, வயலையும் வரப்பையும் அறிந்து பாடியவர். இந்தப் படம் வெளிவருவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1959 அக்டோபரில், முப்பது வயது நிரம்புமுன் போய்விட்டார்.

படத்துக்கு 1960ம் வருஷத்துத் தேசிய விருது வரிசையில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. பாட்டுக்கள் இன்றும் ரேடியோவில் வருகின்றன. பாட்டைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் பலர். படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கையைத் தூக்கச் சொன்னால் இந்தக் கூட்டத்தில் ஒரு கை எழாது.

படம் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை?

விநியோகம் செய்கிறவனும் கொட்டகைக்காரனும் இப்படிப்பட்ட படத்துக்கு என்ன மரியாதை கொடுத்திருப்பான் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று நாம் சொல்லிவிடலாம். அது சுலபம். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே 1960 பொங்கலுக்கு ஜெமினி வாசன் 'இரும்புத்திரை' எடுத்து வெளியிட்டார். அதுவும் மில் தொழிலாளி கதைதான். சிவாஜி, வைஜயந்திமாலா நடித்தார்கள். ஜனங்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். அதே வருஷம் தீபாவளிக்கு 'மன்னாதி மன்னன்'. எம்.ஜி.ஆர். படம். கேட்க வேண்டுமா! அது வந்த ஒரு மாதத்துக்குள் 'பாதை தெரியுது பார்' வந்து நின்றது. டிக்கெட் வாங்குகிறவன் யார்? மில்லில் எட்டு மணி நேரம் நின்றவன். நாள் முழுவதும் குனிந்து நாற்று நட்டவள். அவர்கள் சம்பளத்தில் ஒரு நாலணா எடுத்து ஒரு மூன்று மணி நேரம் தங்கள் கஷ்டத்தை மறக்கப் போகிறார்கள். "உன் கஷ்டத்தையே திரையில் காட்டுகிறேன், வா" என்றால் எத்தனை பேர் வருவார்கள்?

இதற்காக ஜனங்களைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. களைத்தவன் கனவு கேட்பது குற்றமா? ஆனால் நம் இயக்கத்தாரையும் கேட்க வேண்டும். கூட்டம் கூட்டினால் ஆயிரம் பேரைத் திரட்டத் தெரிந்த நாம், நம் தோழர்கள் எடுத்த படத்துக்கு அந்த ஆயிரம் பேரைக் கொட்டகைக்கு அழைத்துப் போனோமா? துண்டுப் பிரசுரம் அச்சடிக்கிறோம், சுவரில் எழுதுகிறோம், உண்டியல் குலுக்குகிறோம். சினிமா என்றால் மட்டும் அது வெறும் பொழுதுபோக்கு என்று விட்டுவிடுகிறோம். சினிமா என்ன செய்யும் என்று பிற்பாடு தமிழ்நாட்டு அரசியல் நமக்கு நன்றாகவே பாடம் சொல்லிக் கொடுத்தது. கட்சிகளின் தலைவர்கள் திரையிலிருந்து இறங்கிக் கோட்டைக்குப் போனார்கள். நாம் வெளியே நின்று பார்த்தோம்.

காமிராவுக்குப் பின்னால் இருந்தவர்கள்

தோற்ற டைரக்டர் என்ன செய்வார்? பெரும்பாலும் ஒரு முதலாளியின் வீட்டு வாசலில் போய் நிற்பார். "நீங்கள் சொல்கிறபடி எடுக்கிறேன்" என்பார். நிமாய் கோஷ் காமிராத் தொழிலைச் செய்து பிழைத்துக்கொண்டே சங்கம் கட்டப் போனார்.

படம் எடுக்கும்போது யாரை வைத்துக் கதை சொன்னாரோ, அதே ஆட்கள் காமிராவுக்குப் பின்னால் கூலி கேட்டு நிற்பதை அவர் தினமும் பார்த்தார். திரையில் தொழிலாளிக்குச் சங்கம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்தத் திரைக்கு விளக்குப் பிடிக்கிறவனுக்குச் சங்கம் இல்லை என்றால் அது என்ன நியாயம்? எம்.பி. சீனிவாசன் வாத்தியக்காரர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். வயலின் வாசிக்கிறவரும் தபேலா தட்டுகிறவரும் கலைஞர் என்று மாலை போட்டுக்கொள்வார்கள், ஆனால் கூலிக்கு அலைவார்கள். "கலைஞன்தான், ஆனால் தொழிலாளியும்கூட" என்று அவர்களுக்குப் புரிய வைப்பது லேசான காரியமா? ஒவ்வொரு பிரிவிலும் ஒரு சங்கம் என்று வளர்ந்து, எல்லாச் சங்கங்களும் சேர்ந்து 1967ல் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் உருவானது. பெப்சி, பெப்சி என்று பத்திரிகையில் படிக்கிறீர்களே, அதுதான். அதைக் கட்டியவர்களில் முன் வரிசையில் நின்றவர்கள் நிமாய் கோஷும் எம்.பி. சீனிவாசனும். இன்று அதில் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன.

சம்மேளனம் என்றால் என்ன பலன்? மில்லில் நூற்பவர் தனியாக, நெய்பவர் தனியாக வேலை நிறுத்தம் செய்தால் முதலாளி ஒருவரைக் காட்டி ஒருவரை மிரட்டுவான். சினிமாவிலும் அப்படித்தான். லைட்மேனுக்குக் கூலி வரவில்லை என்றால் தையல்காரருக்கு என்ன? மேக்கப்காரருக்கு என்ன? ஆனால் சம்மேளனம் வந்த பிறகு லைட்மேனுக்குக் கூலி பாக்கி என்றால் காமிராவும் நிற்கும், வாத்தியமும் நிற்கும், வண்டியும் நிற்கும். கோடி ரூபாய் நடிகர் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். ஒரு நாள் காத்திருந்தால் முதலாளிக்கு எத்தனை நஷ்டம் என்று அவருக்குத் தெரியும். பேட்டா அன்றன்றைக்கு வரத் தொடங்கியது முதலாளிகளின் நல்ல மனசால் இல்லை. இந்தக் கணக்குப் புரிந்ததால்.

1981ல் நாடாளுமன்றம் சினிமாத் தொழிலாளர்களுக்கென்றே சட்டங்கள் இயற்றியது. வேலைக்கு வைப்பதற்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும் என்றது ஒன்று. படத்தின் மீது வரி போட்டு அதிலிருந்து தொழிலாளர் நல நிதி அமைத்தது இன்னொன்று. சினிமாவில் வேலை செய்கிறவனும் தொழிலாளிதான் என்று நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்டது. அதே 1981ல் நிமாய் கோஷ் 'சூறாவளி' என்ற தமிழ்ப் படத்தை டைரக்ட் செய்தார். அதுதான் அவருடைய மூன்றாவது படம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே இருபத்தொரு வருஷம்! அந்த இருபத்தொரு வருஷத்தை வேறு ஒரு டைரக்டரின் வாழ்க்கைக் குறிப்பில் வெற்றிடம் என்பார்கள். இவர் குறிப்பில் அந்த இடத்தில் ஒரு சம்மேளனம் இருக்கிறது.

1988ல் நிமாய் கோஷ் காலமானார். எம்.பி. சீனிவாசனும் அதே 1988ல்தான் மறைந்தார். சேர்ந்து வேலை செய்தவர்கள் ஒரே வருஷத்தில் போனார்கள்.

மிச்சம் இருக்கிற வேலை

கதை இதோடு முடிந்தது என்று சொல்லி உங்களை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் விடக் கூடாத இரண்டு விஷயம் இருக்கிறது.

முதலாவது. 2020 பிப்ரவரியில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு பெரிய படத்தின் படப்பிடிப்பில் இரவு நேரத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். என் சித்தப்பா பரணிலிருந்து விழுந்து எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு! விளக்கு மாறிவிட்டது, காமிரா மாறிவிட்டது, படச்சுருளே போய்விட்டது. மேலேயிருந்து விழுகிற பாரம் மட்டும் இன்னும் தொழிலாளி தலையில்தான் விழுகிறது. இதற்கிடையே, நான் சொன்ன 1981ம் வருஷத்துச் சினிமாத் தொழிலாளர் சட்டங்களும் மற்றச் சட்டங்களும் சேர்ந்து 29 சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கிவிட்டார்கள். 2019லும் 2020லும் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றி, 2025 நவம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். மில் தொழிலாளியின் சட்டமும் லைட்மேனின் சட்டமும் ஒரே மூட்டையில் போய்விட்டன. மூட்டையை அவிழ்த்து, நமக்கு என்ன மிஞ்சியது, என்ன போயிற்று என்று எண்ணிப் பார்க்க வேண்டிய வேலை இரண்டு பேருக்கும் பொதுவாகிவிட்டது.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் கசப்பானது. நம் தெருவில் இரண்டு பையன்கள் படப்பிடிப்புக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். ஏஜெண்ட் கூப்பிட்டால் போவார்கள். அட்டை கிடையாது. ஏன் அட்டை வாங்கவில்லை என்று கேட்டேன். "அட்டைக்குக் கட்டற பணம் எங்ககிட்ட ஏது?" என்றான் ஒருவன். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஏழைக்குக் காவலாகக் கட்டிய கதவு, ஏழையை வெளியே நிறுத்தும் கதவாக ஆகிவிடக் கூடாது. இது சினிமாச் சங்கத்துக்கு மட்டும் சொல்வது இல்லை. நம் மில் சங்கத்தைப் பாருங்கள். நிரந்தரத் தொழிலாளி உள்ளே இருக்கிறான். அதே மெஷினில் பக்கத்தில் நிற்கிற கான்ட்ராக்ட் தொழிலாளி வெளியே இருக்கிறான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிறானே, அவன் நம் சங்கக் கூட்டத்துக்கு எத்தனை தடவை வந்திருக்கிறான்? நாம் எத்தனை தடவை கூப்பிட்டோம்? பாஷை தெரியாதே என்று சொல்வோம்.

தோழர்களே, நம் சித்தப்பன்மார்களுக்குச் சங்கத்து அட்டை வாங்கிக் கொடுத்தவருக்கும் பாஷை தெரியாதுதான். கல்கத்தாவிலிருந்து பிழைக்க வந்தவர்தான். அன்று கோடம்பாக்கத்துத் தொழிலாளிகள், "இவன் வெளியூர்க்காரன், இவன் பேச்சு நமக்கு எதற்கு?" என்று கதவைச் சாத்தியிருந்தால்? என் சித்தி ஆஸ்பத்திரியில் தனியாக அழுதிருப்பாள். வந்தாரை வாழ வைக்கும் ஊர் என்று சென்னையைப் பெருமையாகச் சொல்கிறோம். இந்த மனிதர் விஷயத்தில் கணக்கு தலைகீழ். வந்தவர்தான் இங்கே இருந்தவர்களை வாழ வைத்தார்.

இப்போது அந்தத் தோழரின் கேள்விக்கு வருகிறேன். ஓடாத படம் எடுத்தவருக்கு ஒரு கூட்டமா?

படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும். கொட்டை எழுத்தில் டைரக்டர் பெயர் வரும். லைட்மேன்கள் பெயர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலை யார் கட்டினார் என்றால் ராஜராஜன் என்கிறோம். கல் சுமந்தவன் பெயரை யாரும் கேட்பதில்லை. டைரக்டர்கள் எல்லோரும் தங்கள் பெயர் பெரிய எழுத்தில் வரப் பாடுபடுகிறார்கள். இந்த ஒரு டைரக்டர், பெயரே வராதவர்களுக்கு ஒரு அட்டையில் பெயர் எழுதிக் கொடுக்கப் பாடுபட்டார். அதில் தன் பெயர் மறைந்துபோனதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அவரால் பலன் அடைந்த என் சித்தப்பா அவர் பெயரைக் கேள்விப்படாமலே செத்தார். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தக் கூட்டம்.

அந்த இரண்டு பையன்களையும் அடுத்த ஞாயிறு இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். சினிமாச் சங்கத்துத் தோழர் ஒருவரையும் அழைத்திருக்கிறோம். அட்டைக்குப் பணத்தைத் தவணையில் கட்ட வழி உண்டா, இல்லாவிட்டால் என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து பேசுவோம். தகரக் கொட்டகையில் இருக்கிற வடக்கத்தித் தொழிலாளிகள் நாலு பேரையாவது அழைத்து வருகிற பொறுப்பை, கேள்வி கேட்ட அந்தத் தோழரிடமே ஒப்படைக்கிறேன். பாஷை தெரியாதே என்று சொல்லிவிடாதீர்கள், தோழரே. தெரியாமல்தான் ஆரம்பிக்க வேண்டும்.